தோம்பு பார்க்க வந்தவள்

பஸீஹா பேனையைத் திறந்துவிட்டாள். வீடு வாங்குகிற முன்னொப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு பென்சிலால் சின்னப் புள்ளடி ஒன்றும் போட்டு வைத்திருந்தார். அந்தப் புள்ளடிக்கு இரண்டு விரல் மேலே இருந்த ஒரு வரிதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

“சேர், இந்த வரி என்ன செல்லுது?”

நொத்தாரிசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “அது எல்லாருக்கும் போடுறதும்மா.”

“எல்லாருக்கும் போடுறதுல என்ன எழுதியிருக்கு?”

“காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டாமென்று வாங்குபவரும் விற்பவரும் கேட்டுக்கொண்டபடியால் நான் தேடவில்லை. அவ்வளவுதான்.”

“நான் அப்பிடிக் கேக்கல்லையே.”

மேசைக்குக் கீழே கணவன் அன்ஸாரின் கால் அவளுடைய காலை மிதித்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். எதிர்க் கதிரையில் இருந்த ஹாசிம் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். வீட்டை விற்கிறவர் அவர். அன்ஸாரின் உம்மாவுடன் பிறந்தவர், அதாவது அன்ஸாருக்குத் தாய்மாமன். கற்பிட்டியில் மூன்று படகுக்குச் சொந்தக்காரர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

“தோம்பு பாக்கோணுமா? எண்ட வீட்டுக்கா?” என்றார் அவர்.

காணிக் கந்தோர் என்கிற பதிவு அலுவலகத்தில் இருக்கிற பதிவேட்டைத்தான் அங்கே பழைய ஆட்கள் தோம்பு என்பார்கள். சொந்தத்துக்குள் வாங்கி விற்கிறபோது அதைப் பார்ப்பது மரியாதைக் கேடு. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கைகொடுத்தால் போதும் என்பது ஊர் வழக்கம்.

“ஒங்கட வீட்டுக்கு எண்டில்ல மாமா. எந்த வீடு எண்டாலும் பாத்துட்டுத்தான் வாங்குவன்.”

“அன்ஸார், ஒண்ட பொஞ்சாதி என்னைக் கள்ளனாக்கப் பாக்கிறா.”

“அப்பிடியெல்லாம் இல்ல மாமா,” என்று அன்ஸார் எழும்பப் பார்த்தான்.

பஸீஹா பேனையை மூடினாள். “உறுதிப் பத்திரம் எழுதுறது அடுத்த திங்கக்கிழமைதானே சேர்? அதுக்கு முன்னால நானே பாத்துட்டு வாறன். அந்த வரிய வெட்டி வெய்ங்க.”

*

அந்த வீடு அவளுக்கு வேண்டும் என்பதில் அவளுக்கே சந்தேகம் இருந்ததில்லை. களப்புக் கரையோரம், ஓடு போட்ட நாலு அறை வீடு. பின்னால் வலை வைக்கவென்று கட்டிய இரண்டு அறை. அதற்கும் பின்னால் தண்ணீர் வரைக்கும் ஒரு பெரிய முற்றம். சோளகக் காற்று அந்த முற்றத்தில் குறுக்கே எதுவும் இல்லாமல் ஓடும்.

பஸீஹாவின் பிழைப்பே காற்றில்தான் இருந்தது. பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதிகளின் படுக்கை விரிப்பும் துவாயும் அவளிடம்தான் தோய்க்க வரும். ஏழு விடுதி, இரண்டு தோய்க்கிற மெஷின். இருந்த வாடகை வீட்டின் முற்றம் கையளவு. அதுவும் மாதக் கடைசிக்குள் எழும்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கரையில் பெண் பிள்ளை கல்யாணம் முடிக்கும்போது வீட்டோடு வர வேண்டும். பஸீஹா பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வீடில்லாமல் வந்தாள். அன்ஸாரின் சொந்தக்காரர்கள் அதை ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. கந்தூரியோ கல்யாணமோ, எங்கே போனாலும் யாராவது ஒருத்தி கேட்பாள்: “இப்ப எங்க புள்ள இரிக்கிறீங்க? வாடகைக்கா?”

வீடில்லாமல் வந்ததற்கும் ஒரு கதை இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் இருந்து உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவளுடையது. வந்த இரண்டாம் வருடம் அவளுடைய வாப்பா தென்னந்தோட்டம் ஒன்றின் மூலையில் ஒரு துண்டு வாங்கினார். கைகொடுத்து, கொப்பித் தாளில் எழுதி வாங்கிய கைக்கடிதம்தான் உறுதி. கிணறு வெட்டினார்கள், கல்வீடு கட்டினார்கள். பதினொரு வருடம் கழித்துத் தோட்டக்காரர் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகுதான், அந்தத் தோட்டம் முழுவதும் முன்னமே ஈட்டில், அதாவது அடமானத்தில், இருந்தது தெரியவந்தது. வாப்பா கைக்கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறினார். ஒரு கந்தோரில் ஒரு கிளாக்கர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்ல கையெழுத்து” என்று சிரித்தார். அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த மதிப்பு; வீடும் போனது.

வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பஸீஹாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கிளாக்கர் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் அவள் காதில் இருந்தது.

“மாமாவ இப்பிடிச் சபையில வெச்சி அவமானப்படுத்திட்டியே,” என்று வீட்டுக்கு வந்ததும் அன்ஸார் தொடங்கினான். அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். கை நகத்துக்குள் எப்போதும் கிறீஸ் இருக்கும். நல்ல மனிதன். மாமனுக்கு முன்னால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

“ஒரு கேள்வி கேக்கிறன். ஒங்கட ஜோர்ஜ் அண்ணன் போன மாசம் ஒரு பழைய எஞ்சின் விக்க வந்தாரே. நல்ல மனிசன். சின்ன வயசில இருந்து பழக்கம். நீங்க மூடியத் தொறக்காமலா வாங்கினீங்க?”

“அது எஞ்சின். உள்ளுக்குள்ள என்ன இரிக்கிண்டு தொறந்தாத்தானே தெரியும்.”

“வீட்டுக்கும் மூடி இரிக்கி. அது புத்தளத்துல இரிக்கி. நான் போய்த் தொறந்து பாக்கப் போறன்.”

அன்ஸார் முற்றத்துக் கொடியைப் பார்த்தான். “விரிப்பெல்லாம் ஆர் காயப்போடுற?” என்று மட்டும் கேட்டான்.

“நீங்கதான்.”

*

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் புத்தளத்துக்குப் போனாள். காணிக் கந்தோரின் ஜன்னலுக்கு முன்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நொத்தாரிசுமாரின் ஆட்கள் கத்தை கத்தையாகக் கடதாசி வைத்திருந்தார்கள். தனக்காக வந்து நின்ற பெண் அவள் ஒருத்திதான்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள் பெயர் நிஷாந்தினி. சிலாபத்துப் பக்கத்துப் பிள்ளை, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் அழிந்து போகாத மை.

“கற்பிட்டியில ஒரு வீடு. செய்னுலாப்தீன் மரைக்கார்ட வீடு எண்டா எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் பஸீஹா.

“எனக்குத் தெரியாதே அக்கா. பேரைச் சொன்னவுடன எடுத்துத் தாறதுக்கு இது தபால் கந்தோரும் இல்ல. புத்தக இலக்கமும் பக்க இலக்கமும் வேணும்.”

“அத நான் எங்க போய்த் தேடுற?”

“உறுதியில இருக்கும். கொண்டு வந்தீங்களா?”

பஸீஹா கைத்தொலைபேசியை நீட்டினாள். ஹாசிம் ஹாஜியார் காட்டிய பழைய உறுதியை அவள் படம் எடுத்திருந்தாள். முத்திரை, கையெழுத்து, எல்லாம் தெளிவு.

நிஷாந்தினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “இது முன்பக்கம் மட்டுந்தான். பதிஞ்ச முத்திரை பின்பக்கத்துல அடிச்சிருக்கும். இலக்கம் அதுலதான்.”

அந்தப் படத்தை எடுத்தபோது உறுதியைப் பிடித்துக்கொண்டு நின்றது ஹாஜியார். “எடுத்துக்க, எடுத்துக்க” என்று முன்பக்கத்தைப் பெரிய மனதோடு நீட்டிப் பிடித்தார். திருப்பிக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் குலுங்கி வந்தது ஒரு கடதாசியைத் திருப்பிப் பார்க்காத பிழைக்கு.

போகத் திரும்பியவள் மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். “தங்கச்சி, அந்தப் புத்தகத்தப் பாக்கிறதுக்கு வீட்டுக்காரர்ட அனுமதி வேணாமா?”

“ஏன் வேணும்? கட்டணத்தக் கட்டி விண்ணப்பம் தந்தா ஆரும் பாக்கலாம். ஒளிச்சு வைக்கிறதுக்கெண்டா வீட்டு அலுமாரி இருக்கு. எல்லாரும் பாக்கட்டும் எண்டுதானே இங்க பதியிறது.”

ஆரும் பாக்கலாம். பாலாவி தாண்டும் வரைக்கும் பஸீஹா அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய வாப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தோட்டம் ஈட்டில் இருந்த கதை பதினொரு வருடமும் ஒரு புத்தகத்தில் எழுதிக் கிடந்தது. வாப்பா ஒரு தடவை போய்க் கேட்டிருந்தால் போதும்.

*

புதன்கிழமை பகல் ஹாஜியாரின் கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவர் லுஹர் தொழுகைக்குப் புறப்பட்டுச் செருப்பில் கால் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆ, புத்தளத்து ரெஜிஸ்தார் அம்மா! என்ன கண்டுபிடிச்ச?”

“ஒண்டும் இல்ல மாமா. உறுதிட பின்பக்கம் வேணுமாம்.”

ஹாஜியார் செருப்பில் இருந்து காலை எடுத்தார். “எண்ட கேற்றுக்குள்ள வந்து எண்ட உறுதியக் கேக்கிறா! ஊருக்குள்ள வந்து முப்பத்தஞ்சு வருசமாகியும் அகதிப் புத்தி போகல்ல. ஒருத்தர நம்பத் தெரியாது.”

“நம்பினத்தாலதான் மாமா ரெண்டாந்தரமும் அகதியானம்.”

“வாயப் பாரு!”

“பின்பக்கத்துல அப்பிடி என்ன இரிக்கி மாமா? காட்டினா இப்பவே வாய மூடிக்கொண்டு போறன்.”

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கியது. ஹாஜியார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “திங்கக்கிழமை வாறண்டா வா. இல்லாட்டி வாங்கிறதுக்கு வேற ஆள் இரிக்கி” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவள் கேற்றடிக்குத் திரும்பும்போது உள்ளே இருந்து, “புள்ள” என்று ஒரு குரல் கேட்டது. ஹாஜியாரின் மனைவி மர்ளியா மாமி. சபையில் அவர் பேசி பஸீஹா கேட்டதில்லை. மாமி அறைக்குள் கூட்டிப் போனார். இடுப்புத் திறப்புக் கோர்வையில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அலுமாரியைத் திறந்தார். நீல உறையில் இருந்து உறுதியை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, கட்டிலில் வைத்தார்.

“எனக்கு வாசிக்கத் தெரியா. நீ படம் எடு.”

பஸீஹா மூன்று படம் எடுத்தாள். முதலாவது கலங்கிப் போனது.

“நான் காட்டல்ல. நீ பாக்கல்ல,” என்றார் மாமி. உறுதியை உறைக்குள் போட்டுக்கொண்டே மற்றதையும் சொன்னார். “புள்ள, இது கிழட்டு உறுதி. இதுக்குப் பிந்தி என்ன நடந்ததெண்டும் பாரு.”

*

வியாழக்கிழமை மறுபடி புத்தளத்துக்குப் போய் விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பினாள். நிஷாந்தினி கொண்டுவந்து மேசையில் வைத்த புத்தகம் ஒரு சின்னப் பெட்டி அளவு இருந்தது. பக்கம் முழுவதும் கோடு, கோட்டுக்குள் பாதி ஆங்கிலம், பாதி சிங்களம்.

“ஒரு பக்கம் ஒரு காணிக்கு,” என்று நிஷாந்தினி காட்டினாள். “இந்த நிரல்ல குடுத்தவர். இதுல வாங்கினவர். இது என்ன உறுதி, என்ன திகதி. மேல இருந்து கீழ வாசிச்சா காணி ஆர்ட்ட இருந்து ஆர்ட்ட போனதெண்டு தெரியும். ஈடு வெச்சிருந்தா அதுவும் வரும். வழக்கு இருந்தா அதுவும்.”

பஸீஹா விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். கடைசி வரியில் ஹாஜியாரின் வாப்பா, செய்னுலாப்தீன் மரைக்கார். எண்பத்தேழாம் ஆண்டு விலைக்கு வாங்கியிருந்தார். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஈடு இல்லை, வழக்கு இல்லை. வாப்பா மௌத், மூத்த மகன் விற்கிறார். எல்லாம் சரி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு புத்தகத்தை மூடப்போனாள்.

நிஷாந்தினி கையை வைத்துத் தடுத்தாள். “அவசரப்படாதீங்க அக்கா. அடியில பாருங்க.”

பக்கத்தின் அடி மூலையில், சிவப்பு மையில், ஒரு குறிப்பும் இன்னொரு இலக்கமும் இருந்தன.

“வேற புத்தகத்துக்குக் கொண்டு போயிருக்கு. மிச்சக் கதை அங்க. இதப் பாக்காமப் போய்க் காணி வாங்கினவங்க எத்தினை பேர் இந்த ஜன்னல்ல வந்து அழுதிருக்காங்க தெரியுமா?”

அந்த மற்றப் புத்தகம் வேறொருவர் மேசையில் இருந்தது. ஒரு மணித்தியாலம் காத்திருந்தாள். வந்த புத்தகத்தில், அந்த இலக்கத்துப் பக்கத்தில், ஒரேயொரு வரி.

இரண்டாயிரத்து ஒன்பது. நன்கொடை உறுதி. கொடுத்தவர் செய்னுலாப்தீன் மரைக்கார், தான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு. வாங்கியவர் அவருடைய மகள். றிஸ்மினா.

“இதுக்குக் கீழ?”

“வெறும் கோடுதான் அக்கா.”

“இந்த மகள் பிறகு திருப்பிக் குடுத்திருந்தா?”

“திருப்பிக் குடுக்கவும் ஒரு உறுதி எழுதோணும். அதுவும் இங்க ஏறோணும். இல்லாட்டி நீதிமன்றக் கட்டளை வரோணும். ரெண்டும் வரல்ல. இந்த வீடு இண்டைக்கும் றிஸ்மினாடதான்.”

“இதுக்கு ஒப்பமும் முத்திரையும் வெச்ச பிரதி எடுக்கலாமா?”

“நாளைக்கு வாங்க.”

*

றிஸ்மினா யாரென்று பஸீஹாவுக்குத் தெரியும். ஆனால் கண்டதில்லை. ஹாஜியாரின் கடைசித் தங்கச்சி, அன்ஸாருக்குச் சாச்சி. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

முத்திரை வைத்த பிரதியை அன்ஸார் வாங்கிப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அந்த உறுதிய எரிக்கக்குள்ள நானும் அங்கதான் நிண்டன்.”

சாச்சியின் முதல் மாப்பிள்ளை கடலில் போய்த் திரும்பவில்லை. இரண்டு வருடம் கழித்து அவள் கரைத்தீவில் ஒருவரைக் கல்யாணம் முடிக்கப் போவதாகச் சொன்னாள். வடக்கில் இருந்து வந்தவர். எங்கள் குடும்பம் அகதிக்குப் பெண் கொடுக்காது என்று ஹாஜியார் குதித்தார். பெண் எடுக்கலாம், கொடுக்க ஏலாது. அவனை முடிக்கிறதென்றால் வாப்பா தந்த வீட்டை விட்டுப் போ என்று சீதன உறுதியைக் கேட்டு வாங்கி, சொந்தக்காரர் நாலு பேருக்கு முன்னால் அடுப்பில் வைத்தார். வாப்பா அப்போது படுத்த படுக்கை. சாச்சி ஒரு பேக்கோடு போனாள்.

“உறுதி எரிஞ்சா உரித்தும் போச்செண்டுதான் எல்லாரும் நெனச்சம். சாச்சியும்தான்,” என்றான் அன்ஸார். “சரி விடு. இந்த வீடு வேணாம் எண்டு செல்லிட்டு வேற வீடு பாப்பம். நாங்க சாச்சிட்டப் போய்ச் சென்னா மாமா எங்கட முகத்துல முழிக்கமாட்டார்.”

“நாங்க வாங்காட்டி இன்னொரு ஏமாளி வாங்குவான். சாச்சிட வீடு அப்பிடியே போகும்.”

“அது எங்கட பிரச்சினையா?”

“எங்கட வாப்பா கிணறு வெட்டக்குள்ள, அந்தத் தோட்டம் ஈட்டில இரிக்கிதெண்டு தெரிஞ்ச ஆக்கள் நாலஞ்சு பேர் ஊர்ல இருந்தாங்க. வந்து தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போனாங்க. அவங்களும் இதைத்தான் நெனச்சிருப்பாங்க, எங்கட பிரச்சினையா எண்டு.”

அன்ஸார் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தான். “தனியப் போகாத. நானும் வாறன்.”

*

கரைத்தீவில் தகரக்கூரை வீடொன்றின் முன்னால் றிஸ்மினா சாச்சி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அன்ஸாரைக் கண்டதும் எழும்பவில்லை. “ஆர் மௌத்?” என்று கேட்டாள். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக வராத சொந்தம் வந்து நின்றால் வேறு என்ன கேட்பது?

பஸீஹா பாயில் இருந்துகொண்டு பிரதியை விரித்தாள். நடந்ததைச் சொன்னாள்.

“எரிஞ்சத்த நான் எண்ட கண்ணால பாத்தன் புள்ள.”

“எரிஞ்சது ஒங்கட கையில இருந்த கொப்பி சாச்சி. அதே உறுதி நொத்தாரிசிட்ட ஒண்டு, புத்தளத்துல ஒண்டு. மாமா அடுப்பக் கொண்டு போய்ப் புத்தளத்துல வெச்சாத்தான் எரிக்கலாம்.”

சாச்சி சிரிக்கவில்லை. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தாள். “எண்ட பேர் எது?”

பஸீஹா காட்டினாள். சாச்சி அந்த இடத்தைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, நான் அந்த வீட்டுல போய் இரிக்கலாமா?”

“ஓம்.”

“அப்ப நான் அத விக்கமாட்டன் புள்ள. ஒனக்கும் விக்கமாட்டன். ஆருக்கும் விக்கமாட்டன்.”

பஸீஹா பிரதியைத் திருப்பி மடித்தாள். வருகிற வழியெல்லாம், உண்மையைச் சொன்னால் சாச்சி தனக்கே விற்பாள் என்று ஒரு மூலையில் கணக்குப் போட்டிருந்தாள். அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த முற்றமும் காற்றும் கண்ணுக்கு முன்னால் போயின.

“விக்கச் செல்லி வரல்ல சாச்சி,” என்றாள். பாதிப் பொய். “திங்கக்கிழமை பத்து மணிக்கு வந்தீங்கண்டா போதும்.”

*

திங்கட்கிழமை ஹாஜியார் சலவை வேட்டியும் அத்தர் வாசமுமாக நொத்தாரிசின் அறையில் இருந்தார். பஸீஹாவைக் கண்டதும் கதிரையைக் காட்டினார்.

“வா, வா. தோம்பு என்ன செல்லிச்சி?”

“அதச் செல்லத்தான் மாமா ஒருத்தரக் கூட்டி வந்தன்.”

கதவைத் தள்ளிக்கொண்டு றிஸ்மினா வந்தாள். ஹாஜியாரின் கை தொப்பிக்குப் போய்த் திரும்பி வந்தது. தங்கச்சிக்குப் பின்னால் வந்த ஆளைக் கண்டபோதுதான் அவர் எழும்பினார். மர்ளியா மாமி.

“நீ என்னத்துக்கு வந்த?”

மாமி போய்ச் சுவரோரக் கதிரையில் இருந்தார்.

பஸீஹா முத்திரை வைத்த பிரதியை மேசையில் வைத்து நொத்தாரிசின் பக்கம் தள்ளினாள். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு பேனைக்கு மூடி போட்டார்.

“ஹாஜியார், இத நான் எழுத ஏலாது. வீடு உங்கட பேர்ல இல்ல.”

“அந்த உறுதி இப்ப இல்ல! நாலு பேர் முன்னால எரிச்சது. இவளும் ஓம் எண்டவள்!”

“நான் ஓம் எண்டு செல்லல்ல காக்கா,” என்று தமையனிடம் சொன்னாள் றிஸ்மினா. “நான் அழுதன். ஒங்களுக்கு அது ஓம் எண்டு கேட்டிரிக்கி.”

“எரிச்சது எண்ட அடுப்புல,” என்றார் மர்ளியா மாமி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “சாம்பல நான்தான் அள்ளினன். அண்டையில இருந்து அந்த அடுப்புல சமைச்சது ஒண்டும் எனக்கு ருசிக்கல்ல.”

ஹாஜியாருக்குத் தங்கச்சியைத் திட்டவும் வரவில்லை, மனைவியைத் திட்டவும் வரவில்லை. பஸீஹாவின் பக்கம் திரும்பினார்.

“ஒனக்கு என்ன கெடச்சிது? வீடில்லாம வந்த. இப்பவும் வீடில்லாமத்தானே போற?”

அன்ஸார் முன்னால் வந்தான். இந்தத் தடவை குரல் இறங்கவில்லை. “மாமா, போதும். அவவுக்கு நீங்க விக்கப் பாத்தது ஒங்கட வீடில்ல. நியாயமா நீங்க அவவிட்ட மன்னிப்புக் கேக்கோணும்.”

“அவர் கேக்க வேணாம்,” என்றாள் பஸீஹா. “மாமா, நான் வெறுங்கையோடதான் போறன். இன்னொருத்திட வீட்டுத் திறப்ப இடுப்புல சொருகிக்கொண்டு போகல்ல.”

றிஸ்மினா கையை நீட்டினாள். “அந்தத் திறப்புத்தான் வேணும் காக்கா.”

ஹாஜியார் அசையவில்லை. மர்ளியா மாமி தன் கோர்வையைக் கழற்றினார். இரண்டு திறப்பைப் பிரித்தெடுத்து றிஸ்மினாவின் உள்ளங்கையில் வைத்தார்.

*

மாதக் கடைசி வந்தது. பஸீஹாவும் அன்ஸாரும் மெஷின் இரண்டையும் லொறியில் ஏற்றி, அன்ஸாரின் பட்டறையில் இறக்கினார்கள். எஞ்சின்களுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்தார்கள். விடுதிக்காரர்கள் விரிப்பில் எண்ணெய் வாசம் வருகிறதென்று முறைப்பட்டார்கள்.

ஆறாம் நாள் றிஸ்மினா சாச்சி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“எனக்கும் எண்ட மனிசனுக்கும் நாலு அறை போதும். வாப்பாட வலை அறை ரெண்டும் பின் முத்தமும் சும்மா கிடக்கு. அந்த வீட்ட விக்கமாட்டன் எண்டுதான் சென்னன். முத்தத்தப் பத்தி ஒண்டும் செல்லல்லையே. வந்து கொடியக் கட்டு. கடதாசியெல்லாம் பிறகு பாப்பம். நீயும் நானும் அந்நியமா?”

பஸீஹாவுக்கு அந்தக் காற்று முகத்தில் அடித்தது போலிருந்தது. பாய்ந்து கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

“இல்ல சாச்சி. கைகொடுத்து வாங்கமாட்டன். அளந்து, பிளான் அடிச்சி, வேலிக்குக் கல் போட்டு, எண்ட பேருக்கு உறுதி எழுதினாத்தான் கொடி கட்டுவன்.”

“என்னையுமா நம்பமாட்டா?”

“ஒங்கள நம்புறன். ஒங்களுக்கும் எனக்கும் பிந்தி வாறவங்களத்தான் நம்பமாட்டன்.”

சாச்சி தலையாட்டினாள். “சரிதான். அடுப்பில போடுற ஆக்கள் எங்கட வீட்டுல இன்னும் இரிக்கிறாங்க.”

அளக்கவும் பிளான் வரவும் மூன்று கிழமை போனது. இந்தத் தடவை புத்தளத்தில் வேறொரு நொத்தாரிசு, இளம் பெண். கடதாசியைக் கணினியில் அடித்து, புள்ளடி போட்டு, நீட்டினாள். பஸீஹா முதல் வரியில் இருந்து வாசித்தாள். புள்ளடிக்கு இரண்டு விரல் மேலே அதே வரி இருந்தது. பதிவேட்டைத் தேட வேண்டாமென்று இரு தரப்பாரும் கேட்டுக்கொண்டபடியால்...

“அது சும்மா எல்லாத்திலயும் வாறது,” என்றாள் நொத்தாரிசு. “சொந்தக்காரங்கதானே எண்டு எடுக்காம விட்டன்.”

“சொந்தக்காரங்கதான்,” என்றாள் பஸீஹா. பேனையைத் திறந்து, அந்த வரியின் மேல் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தாள். “காணிக் கந்தோர் அடுத்த தெருவிலதானே இரிக்கி? நான் போய்ப் பாத்துட்டு வாறன். அதுக்குப் பிறகு கையெழுத்து.”

“போன மாசந்தானே புள்ள எண்ட தோம்பப் பாத்த?” என்று றிஸ்மினா சாச்சி சிரித்தாள்.

“அது போன மாசம் சாச்சி.”

அவள் பேனையையும் கையோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.